மாவட்டத்தின் முதல் ரசிகன்

நாமக்கல் மாவட்டத்திலேயே அந்த அணிக்கு ரசிகன் நான் ஒருவன்தான் என்று இருபத்திரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்த விஷயம் அந்த அணிக்கும் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கும் என்றும் நம்பினேன். இங்கிலாந்தில் பதினோரு பேர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கும்போது, "நாமக்கல்காரர் டிவி போட்டுட்டாரா?" என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்பான் என்கிற அளவுக்கு. எனக்கு வயது ஐம்பத்தொன்று. காலையும் இரவும் சர்க்கரைக்கு மாத்திரை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை எடுத்தவன். இருந்தும் நம்பினேன்.

அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சட்டையின் நிறத்தையும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ரசிகராகிவிடுவீர்கள். இருக்கிற கூட்டமே போதும்.

எனக்கு முட்டை வியாபாரம். பண்ணைகளில் முட்டை எடுத்து, குடோனில் தரம் பிரித்து, கேரளாவுக்கு லோடு அனுப்புகிற வேலை. தொழில் ஆரம்பித்த புதிதில் லோடு வண்டியில் நானே கூடப் போவேன். மலப்புறம் பக்கம் ஒரு மொத்த வியாபாரி இருந்தார். முட்டை இறக்கி முடிக்கும்வரை அவர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்காரவைப்பார். அங்கே ஒரு டிவி. டிவியில் எந்நேரமும் ஃபுட்பால். அப்படி ஒரு சாயங்காலம், நேந்திரம்பழத்தில் செய்த பழம்பொரியைக் கடித்துக்கொண்டே, என் அணியை முதன்முதலாகப் பார்த்தேன். நான்கு கோல் வாங்கித் தோற்றது. நான்காவது கோல் விழுந்த பிறகு அதன் கோல்கீப்பர் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்து, பத்திரமாக நடுவரிடம் கொடுத்தான். கீறல் விழுந்த முட்டையை எடுத்து வைக்கிறவன் அப்படித்தான் செய்வான். அன்றைக்கு விழுந்தவன்தான் நான்.

ஊருக்கு வந்ததும் குடோனில் ஒரு டிவி வாங்கி வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம். அதே நேரத்தில்தான் லோடுக்கு அட்டை அடுக்குவோம். முப்பது முட்டை ஒரு அட்டை. அட்டை மேல் அட்டையாக ஆள் உயரத்துக்கு அடுக்கு நிற்கும். முட்டைக் குடோனில் சில பழக்கங்கள் உண்டு. யாரும் ஓட மாட்டார்கள். கத்த மாட்டார்கள். பின்னாலிருந்து தோளைத் தொட்டுக் கூப்பிட மாட்டார்கள். தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார்கள். இது தெரிந்திருந்தும் முதல் வருடம் ஒரு கோலுக்கு எகிறிக் குதித்துவிட்டேன். முழங்கை பட்டு ஒரு அடுக்கு சரிந்தது. அன்றைக்குக் குடோன் தரை இருந்த கோலத்தை விவரிக்க வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளில் இரண்டு நாள் ஆம்லெட்.

அதற்கப்புறம் கோல் விழுந்தால் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். நாற்காலியை விட்டு எழுவதில்லை. இரண்டு கையையும் மெதுவாக, தலைக்கு மேல், நேராகத் தூக்குவேன். வாயை முழுக்கத் திறப்பேன். சத்தம் வராது. மூச்சை மட்டும் விட்டுவிட்டு, தூக்கிய அதே வேகத்தில் கையை இறக்குவேன். இருபத்திரண்டு வருடத்துக் கோல்களையும் அப்படித்தான் கொண்டாடினேன். பக்கத்தில் என் மனைவி கீறல் முட்டைகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளுக்கு இதில் ஈடுபாடு இல்லை என்று நினைத்தேன். நான் நம்பிய முட்டாள்தனங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இடி பரமத்தி ரோட்டில் ஒரு பேக்கரியில் விழுந்தது. கோழித்தீவனக் கம்பெனியின் விற்பனைக்காரர் ஒருவர், முப்பது வயது இருக்கும், நின்றுகொண்டு பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் என் அணியின் சட்டை.

மனைவியை வேறு ஒருவனின் பைக்கில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. டீயைக் கீழே வைத்தேன்.

"தம்பி, இது என்ன சட்டைங்க?"

"ஃபுட்பால் டீமுங்ண்ணா. உங்களுக்குத் தெரியாதுங்க."

உங்களுக்குத் தெரியாதுங்க! சிரித்துக்கொண்டேன். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"எத்தன வருசமா பாக்கறீங்க?"

"வருசமெல்லாம் இல்லீங்க. தீவாளி கழிச்சுத்தான்."

"அப்ப போன வருசம் பூராத் தோத்தமே, அதெல்லாம்?"

"அது எதுக்குங்ண்ணா நமக்கு? இப்பப் புதுசா ஒரு பிளேயர் வந்துருக்கான் பாருங்க. ரீல்ஸ்ல பாத்தேன். அவனுக்காகத்தான்."

"அவன் வேற டீமுக்குப் போயிட்டான்னா?"

"நானும் போயிருவனுங்க," என்றார் அவர், பப்ஸ் பொடியைத் தட்டிவிட்டு. அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. சமையல்காரர் மாறினால் கல்யாண மண்டபத்தையே மாற்றிக்கொள்கிற விருந்தாளியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அதிலிருந்து போகிற இடமெல்லாம் சட்டை எண்ண ஆரம்பித்தேன். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் இரண்டு. சேலத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒன்று. அதுவும் பொம்மைக்குப் போட்டிருந்தார்கள். வாழப்பாடி சந்தையில் மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் போட்டிருந்ததைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி இறங்கியே விட்டேன்.

"ஏனுங்க, இந்த டீமை உங்களுக்கு ரொம்பப் புடிக்குமோ?"

"டீமா? பனியனுங்க இது. மூணு எடுத்தா ஒண்ணு சும்மானு குடுத்தாங்க."

முதலில் நெஞ்சு குளிர்ந்தது. பாவம், ஒன்றும் தெரியாத மனிதர், ஆபத்தில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கொதித்தது. என் அணியின் சட்டை, மூன்று எடுத்தால் சும்மாவா? ரசிகன் போட்டாலும் எரிகிறது, ரசிகன் இல்லாதவன் போட்டாலும் எரிகிறது. பொறாமைக்கு என்னைப் போல் உழைக்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

பிறகு தமிழில் வர்ணனை வந்தது. அதுவரை இங்கிலீஷ் வர்ணனையில் பாதி புரியும். மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். ஆட்டம் முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுக்கிற நிமிடங்கள், தோற்கிற அணியின் மேல் இரக்கப்பட்டு நடுவர் தருவது என்று பதினைந்து வருடம் நினைத்திருந்தேன். ஆட்டம் நின்ற நேரத்துக்கான ஈடு அது என்று தமிழில் ஒருவர் நிதானமாக விளக்கினார். கேட்டவுடனே கோபம் வந்தது. விஷயம் புரிந்ததில் வருத்தமில்லை. அதே நொடியில் ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிட்டதே என்றுதான்.

அடுத்தது டர்ஃப். புறவழிச்சாலை ஓரத்தில், சோளம் போட்டிருந்த காட்டில் பச்சைப் பிளாஸ்டிக் புல்லை விரித்து, சுற்றிலும் வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். ஒரு பக்கம் பெரிய திரை. சனிக்கிழமையானால் அங்கே என் அணியின் ஆட்டம். பாப்கார்ன், தப்பு மேளம், டிஜே, ஆட்டக்காரனின் அட்டை உருவத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்க ஒரு மூலை. இடைவேளையில் சட்டை விற்பனை. உள்ளே போக ஒரு ஆப். அதில் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் அனுமதி.

"ஏனுங்க, நாமளும் சேந்துக்கலாமா? மொத நாளு சேந்தா நல்ல எடம் கெடைக்குமாம்," என்று கேட்டாள் மனைவி.

"அது சந்தைக் கூட்டம். நான் போய் அவனுங்ககூட உக்கோந்து பாக்கறதா? இருபத்திரண்டு வருசம் பாத்தவன் நானு."

"செரி, உடுங்க," என்றாள். விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு படம் சுற்றி வந்தது. பருவத்தின் பெரிய ஆட்டத்தன்று டர்ஃபில் விழா. 'மாவட்டத்தின் முதல் ரசிகர்' ஒன்றாம் எண் சட்டை அணிந்து, முன்வரிசையில் கொடி பிடிப்பார். அவர் படம் டர்ஃப் சுவரில் நிரந்தரமாக மாட்டப்படும். அணிக்கும் அனுப்பி வைக்கப்படும்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. சந்தைக் கூட்டம் என்று சொன்ன அதே வாய்தான், ஆனால் சுவரும் படமும் ஒன்றாம் எண்ணும் கண்முன் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றன. தீவனக்காரர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் கற்பனை செய்து பார்த்தேன். மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்து, பயந்து, மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பயம் மட்டும் இறங்கவில்லை.

"ஒண்ணாம் நம்பரு எனக்குத்தானே வரோணும்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"யாரு பாத்தாங்க நீங்க ரசிகர்னு?" கீறல் முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஒரு சட்டை வாங்கியிருக்கீங்களா? ஒரு போட்டோ? ஒரு நாளாச்சும் வாய் தொறந்து கத்தியிருக்கீங்களா?"

"வாயத் தொறந்தேன்."

"சத்தம் வந்துச்சா?"

வரவில்லைதான். சாட்சி தேடினேன். முதலில் எங்கள் லோடுமேன். பதினெட்டு வருடமாக அதே குடோனில் அட்டை தூக்குகிறவர். டர்ஃப்காரர் கேட்டால் நான்கு வார்த்தை சொல்ல மாட்டாரா?

"அண்ணா, சனிக்கெழமை சாயங்காலம் நான் டிவி முன்னால உக்கோந்து என்ன பண்ணுவேன், சொல்லுங்க பாக்கலாம்."

"உங்களுக்கு முதுகுவலிங்க மொதலாளி," என்றார் உடனே. "சனிக்கெழமையானா வந்துரும். ரெண்டு கையவும் மேல தூக்கி நெட்டி முறிப்பீங்க. ஒரு சில நாளு மூணு தடவ, நாலு தடவகூட. பாவமா இருக்குமுங்க. எங்க ஊட்ல தைலம் ஒண்ணு இருக்குது, கொண்டாறட்டுங்களா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து சிரிப்பு மட்டும் வெளியே வந்தது.

கடைசி நம்பிக்கை மலப்புறம். வியாபாரி இப்போது தொழிலை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். போன் போட்டேன். நலம் விசாரித்து முடித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தேன்: உங்கள் அறையில், உங்கள் டிவியில், இந்த அணியை முதன்முதலாகப் பார்த்த நாமக்கல்காரன் நான்தான் என்று இரண்டு நிமிடம் வீடியோவில் பேசி அனுப்ப முடியுமா?

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "அந்த ரூமா? அதுல நீங்க யாரு?"

"நாமக்கல் முட்டைங்க. பழம்பொரி கேட்டு வாங்குவேன்."

"நாமக்கல் முட்டைக்காரங்க எல்லாருமே பழம்பொரி கேப்பாங்க," என்றார் அவர். "எல்லாரும் அந்த ரூம்லதான் உக்காந்து கண்டது. அந்த ஒரே டீமுதான். எனக்குப் பிடிச்சது அது, வேற வைக்க மாட்டேன். எத்தன பேரு! ஒருத்தரு டீம் தோத்ததுக்கு அழுதாரு. நீங்களா?"

நான் அழவில்லை. எனக்கு முன்னால் ஒருவன் அழுதிருக்கிறான். போனை வைத்த பிறகு அந்த அழுகையை நினைத்து நினைத்து வெந்தேன். எனக்கு ஏன் அன்றைக்கு அழத் தோன்றவில்லை?

சாட்சி இல்லாவிட்டால் என்ன, நேரில் போய் என் ஞானத்தைக் காட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன். விழா நாள் வந்தது. லோடைச் சீக்கிரம் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒன்றாம் எண் சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று உள்ளே புதுப் பனியன். மனைவியைக் கூப்பிட்டேன். அறைக்குள்ளிருந்து சுடிதாருக்கு மேல் என் அணியின் சட்டையோடு வந்தாள். முதுகில் நாற்பத்து மூன்று.

"இது எப்ப?"

"மொத நாளே சேந்துட்டனுங்க. உங்களைக் கேட்டேன்ல?"

"உனக்கென்ன தெரியும் இதுல?"

"ஏனுங் மாமா, நீங்க கோல் உளுகறப்ப மட்டும் கையத் தூக்கறீங்க. மீதி நேரம் பாதி போன்ல பேசிட்டிருப்பீங்க. நான் முட்டை பொறுக்கிட்டே முழு மேட்ச்சும் பாத்தவ. போன வருசம் நம்ம டிஃபென்ஸ்ல எவன் ஓட்டைன்னு கேளுங்க, சொல்றேன்."

கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அந்தப் பயம்தான். வழி நெடுக அவளே வண்டி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து நாற்பத்து மூன்றைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரே குடோன், ஒரே டிவி, இருபத்திரண்டு வருடம். அந்தச் சட்டைக்காரி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

டர்ஃப் வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஆப்பில் இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. அங்கேயே நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மனைவி சொல்லச் சொல்லத் தட்டிச் சேர்ந்தேன். உட்காருகிற இடம் உறுப்பினர் எண் வரிசைப்படி. அவள் கையை ஆட்டிவிட்டு முன்னால் போய்விட்டாள். என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள்.

டர்ஃப்காரரைப் பிடித்தேன். முப்பத்தைந்து வயது, சுறுசுறுப்பான ஆள்.

"தம்பி, ஒண்ணாம் நம்பரு யாருக்குக் குடுக்கறீங்க? இருபத்திரண்டு வருசமாப் பாக்கறவங்க இருந்தா?"

"சந்தோசமுங்ண்ணா! ஆனா மொத ரசிகர்னா, ஆப்ல மொதல்ல சேந்தவருங்க. ஆப்ல அப்படித்தாங்க இருக்குது."

"அப்ப அதுக்கு முன்னால பாத்தவங்கெல்லாம்?"

"அதுக்கு முன்னால ஆப்பு இல்லீங்களே," என்றார் பணிவாக.

போய் உட்கார்ந்தேன். முன்னால் தப்பு அடித்தது, டிஜே அலறியது, புகை விட்டார்கள். கல்லூரிப் பெண்கள், வங்கிக்காரர்கள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். எனக்குத் தெரியாத பாட்டு ஒன்றை என் அணிக்காக எல்லோரும் மனப்பாடமாகப் பாடினார்கள். என் மனைவியும் பாடினாள். எப்போது கற்றாள் இதை? தெரிந்தவன்போல் நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

முப்பத்தோராவது நிமிடத்தில் கோல். முன்வரிசைகள் ஒரே எகிறலாக எகிறின. பாப்கார்ன் பறந்தது. என் கை தன் பாட்டுக்கு மெதுவாக, நேராக, தலைக்கு மேல் போனது. வாய் திறந்தது. சத்தம் இல்லை.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். எனக்கு அடுத்த நாற்காலிக்காரரும் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கியிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. அவருக்கு அடுத்தவர் அப்படியே. எங்களுக்கு நேர் முன்னால் இருந்த வரிசையில் மூன்று பேர். கடைசி இரண்டு வரிசையிலும் நரைத்த தலைகளுக்கு மேலே கைகள் ஒரே வேகத்தில் ஏறி, நின்று, ஒரே வேகத்தில் இறங்கின. வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பில் புத்தகம். எல்லோரும் கடைசி நேரத்தில் வாசலில் நின்று சேர்ந்தவர்கள். இதைச் சந்தைக் கூட்டம் என்று எல்லோருமே வீட்டில் சொல்லியிருப்பார்கள் போல.

பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம் அது. பேக்கரியில் தீவனக்காரரைப் பார்த்தபோது என் முகத்தில் இருந்தது.

"முட்டைங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"முட்டைதானுங்க. மோகனூர் ரோடு." வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "எத்தன வருசமா?"

"இருபத்திரண்டு."

அவர் உடம்பு நிமிர்ந்தது. "எனக்கு இருபத்தி நாலுங்க."

"மலப்புறத்துல நீங்க அழுதீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"யாரு சொன்னது?" என்றார் பதறிப்போய்.

ஆட்டம் முடிந்ததும் மைக்கில் அறிவித்தார்கள். ஆப் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைச் செய்து கொடுத்தவர் முதல் ஆளாகத் தன் பெயரைப் பதிந்திருந்தார். பெங்களூரில் இருக்கிறார், ஃபுட்பால் பார்ப்பதில்லை. ஒன்றாம் எண் சட்டையை அவருக்குக் கூரியரில் அனுப்பினார்கள். அவர் வராததால் இரண்டாம் எண்காரர் கொடி பிடித்தார். அது பேக்கரியில் பார்த்த தீவனக்காரர். சுவரில் இப்போது இருப்பது அவர் படம். என் மனைவிக்கு நாற்பத்து மூன்று. அழுதவருக்கு இருநூற்றுப் பத்து. எனக்கு இருநூற்றுப் பதினொன்று. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது.